பெட்டி நின்ற நாட்கள்

ஜூலை 1, செவ்வாய்

என் பெயர் மாரப்பன். இதை நான் எழுதினேன்.

ஜூலை 2, புதன்

நேற்று எழுதியதை இன்று படித்துப் பார்த்தேன். அப்படியே இருக்கிறது.

ஜூலை 3, வியாழன்

இது போன வருடத்து டைரி. முதலாளி தனபால் சார் கொடுத்தார். தேதி சரி. கிழமை ஒரு நாள் பின்தங்கி இருக்கிறது. தினமும் அச்சடித்த கிழமையை அடித்துவிட்டுச் சரியான கிழமையை எழுதுகிறேன். அச்சடித்தவர்களையே திருத்துகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

மாநகராட்சிப் பள்ளியில் மாலை வகுப்பு நடத்தும் ஜெபமணி டீச்சர் தினமும் ஒரு வரியாவது எழுதச் சொல்லியிருக்கிறார். எனக்கு அறுபத்தொன்பது வயது. படிக்கத் தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. நாற்பது வருடமாக ஏறுகிற பஸ்ஸில் 'படியில் நிற்காதீர்கள்' என்று எழுதியிருக்கிறது. நாற்பது வருடமும் படியில்தான் நின்றிருக்கிறேன்.

ஜூலை 4, வெள்ளி

இன்று வேலை செய்யும் இடத்தைப் பற்றி எழுதுகிறேன். கோயமுத்தூரில் கணபதி. கீழே லேத் பட்டறை, மேலே எங்கள் மாடி. மொத்தம் நாலு பேர். தனபால் சார் முதலாளி. விஷ்ணு தம்பிக்கு ஒயர், கரண்டு வேலை. அபிநயா அம்மிணிக்குக் கம்ப்யூட்டரில் எழுதும் வேலை. எனக்கு டீ, துடைப்பம், சாவி.

நாங்கள் செய்வது குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை வைக்கும் பெட்டி. கண்ணாடி மூடி போட்டது. உள்ளே எந்நேரமும் முப்பத்தாறு டிகிரி சூடு. இப்போதைக்குக் குழந்தைக்குப் பதில் ஒரு தண்ணீர்ப் பை படுத்திருக்கிறது.

பெட்டி சில நாள் திடீரென்று நின்றுவிடுகிறது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு நிமிடத்தில் தானே எழுந்துகொள்கிறது. ஆனால் எழும்போது திரையில் இருந்த கடைசி வரி அழிந்துபோகிறது. அந்த வரிதான் அம்மிணிக்கு வேண்டும். கம்ப்யூட்டரோடு ஒயர் போட்டுக் கட்டி வைத்தால் பெட்டி நிற்பதே இல்லை. அவிழ்த்தால் நிற்கிறது. மேஸ்திரி பார்க்கும்போது மட்டும் வேலை செய்யும் ஆள் மாதிரி.

"அப்புச்சி, உங்களுக்குத்தான் இப்ப எழுத வருதே. நாங்க மெஸ்ஸுக்குப் போற நேரத்துல பெட்டி நின்னா மணியையும் அந்தக் கடைசி வரியையும் எழுதி வெச்சுருங்க" என்றார் அம்மிணி.

"இங்கிலீசு எனக்கு வராதுங்க அம்மிணி."

"அது இங்கிலீசு இல்ல, நம்பரு."

"நம்பருக்குள்ள இங்கிலீசு எழுத்து எதுக்குங்க?"

"அது பதினாறு விரல் இருக்கறவங்க எண்ணற கணக்கு அப்புச்சி. நீங்க பார்த்து வரைஞ்சா போதும்."

இன்று மதியம் 1.50க்கு நின்றது. வரைந்தேன். மதியத்துக்குப் புளிச்சோறு. வெதுவெதுவென்று இருந்தது.

ஜூலை 5, சனி

தக்காளிச் சோறு. பெட்டி நிற்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

விடுமுறை. வீட்டில் என் சம்சாரம் ராமாத்தாளுக்கு மருந்துச் சீட்டு, அரிசிப் பை, காலண்டர் மூன்றையும் படித்துக் காட்டினேன். "போதுமுங்க, எனக்கு வேலை கெடக்குது" என்றாள்.

ஜூலை 7, திங்கள்

எத்தனை மணி நேரம் நிற்காமல் ஓடியது என்று பெட்டியின் ஓரத்தில் ஒரு எண் வரும். ஞாயிறு முழுக்கத் தனியாக ஓடியிருக்கிறது. எலுமிச்சைச் சோறு. 2.15க்கு நின்றது.

ராமாத்தாள் காலை ஐந்து மணிக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டுப் பஞ்சு குடோனுக்குப் போய்விடுவாள். மதியத்துக்குள் சோறு கல் மாதிரி ஆறிப்போகும். எனக்குக் கடைவாய்ப் பல் இல்லை. இங்கே அடுப்பும் இல்லை.

மெஸ்ஸிலிருந்து வந்த அம்மிணி, "அதென்ன அப்புச்சி, உங்க சோறு மட்டும் இப்பத்தான் எறக்குன மாதிரி மணக்குது?" என்றார்.

ராமாத்தாளின் கைப்பக்குவம் என்று சொன்னேன்.

ஜூலை 8, செவ்வாய்

விஷ்ணு தம்பி பெட்டிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார். ஒயர் கருகுகிற வாசனை வருகிறது என்றார். பிறகு யோசித்துவிட்டு, "பெருங்காயம் மாதிரியும் இருக்குது" என்றார்.

"பெருங்காயமா? உனக்குப் பசிக்குது, போய் வடை சாப்புட்டு வா" என்றார் தனபால் சார்.

விஷ்ணு தம்பி பெட்டியைப் பிரித்து நாள் முழுக்க ஒயர்களை ஒவ்வொன்றாக மோந்தார். பெட்டி ஓடவே இல்லை. அதனால் நிற்கவும் இல்லை. மதியம் சோறு ஆறிப்போயிருந்தது.

ஜூலை 9, புதன்

அம்மிணி என்ன எழுதுகிறார் என்று கேட்டேன். எல்லாப் புரோகிராமுக்கும் அடியில் ஓடுகிற ஒன்று உண்டாம். கெர்னல் என்று பெயர். அதில் யாருக்கு எந்த இடம் என்று பிரித்துக் கொடுக்கும் பகுதியை அம்மிணிதான் எழுதினார். சூட்டை அளக்கிறவனுக்குக் கொஞ்சம் இடம் வேண்டும். திரையில் எழுதுகிறவனுக்குக் கொஞ்சம். அலாரம் அடிக்கிறவனுக்குக் கொஞ்சம். வேலை முடிந்ததும் அவரவர் இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்த இடம் அடுத்தவனுக்குப் போகும்.

"லாட்ஜுங்களா?" என்றேன்.

அம்மிணி சிரித்துவிட்டார். "லாட்ஜேதான் அப்புச்சி. நாலாயிரம் ரூமு."

நான் முப்பத்தொரு வருடம் மங்கள விலாஸ் லாட்ஜில் ரூம் பையனாக இருந்தவன். நாற்பத்திரண்டு ரூம். சாவிப் பலகையில் நாற்பத்திரண்டு ஆணி. எனக்கும் எழுதத் தெரியாது, கூட வேலை செய்த சூசைக்கும் தெரியாது. அதனால் சூசை ஒரு வழி கண்டுபிடித்தான். அந்தக் காலத்தில் ஒரே ரூமில் முன்பின் தெரியாத இரண்டு பேர், மூன்று பேர் தங்குவார்கள். எத்தனை பேரோ அத்தனை முடிச்சுப் போட்ட சிவப்பு நூலை அந்த ஆணியில் மாட்டுவோம். ஒருவர் காலி செய்தால் ஒரு முடிச்சை அவிழ்ப்போம். எல்லா முடிச்சும் அவிழ்ந்த பிறகுதான் சாவியைத் திரும்ப மாட்ட வேண்டும். சாவி ஆணியில் தொங்கினால் ரூம் காலி என்று அர்த்தம்.

இதைச் சொன்னதும் அம்மிணி நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தார். "நான் காலேஜுல நாலு வருஷம் படிச்சது இதைத்தான் அப்புச்சி" என்றார்.

சூசையைப் பற்றி எழுத வேண்டும். இன்று கை வலிக்கிறது.

ஜூலை 10, வியாழன்

ராமாத்தாளின் ஒறம்பரை வீட்டுக் கல்யாணம். லீவு. கல்யாண மண்டபத்தில் எழுதியிருந்த எல்லாப் பெயர்களையும் படித்தேன். பந்திக்குத் தாமதமாகிவிட்டது.

ஜூலை 11, வெள்ளி

நேற்று பெட்டி நிற்கவில்லையாம். இன்று பருப்புச் சோறு. 1.35க்கு நின்றது.

ஜூலை 12, சனி

ஒரு ஆஸ்பத்திரி பத்துப் பெட்டி கேட்டிருக்கிறது. ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி டாக்டர் அம்மா வந்து பார்ப்பார். அதற்கு முன் பெட்டி பதினைந்து நாள் நிற்காமல் ஓடியிருக்க வேண்டும். தனபால் சார் காலண்டரில் பின்னோக்கி எண்ணினார். ஆகஸ்ட் நாலாம் தேதி தொடங்கினால்தான் ஆகும்.

"அதுக்குள்ள புடிச்சிருவியா?" என்றார்.

"புடிச்சுருவேன் சார்" என்றார் அம்மிணி. அவர் கை பேனா மூடியைத் திறந்து திறந்து மூடியது.

வெங்காயச் சோறு. 2.40க்கு நின்றது.

ஜூலை 14, திங்கள்

ராமாத்தாளுக்குக் காய்ச்சல். சோறு இல்லை. மெஸ்ஸிலிருந்து விஷ்ணு தம்பி பார்சல் வாங்கி வந்தார். பெட்டி நிற்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

காய்ச்சல். பார்சல். நிற்கவில்லை.

ஜூலை 16, புதன்

காய்ச்சல் விட்டுவிட்டது. இன்றைக்கும் பார்சல்தான். நிற்கவில்லை. சனிக்கிழமை சாயந்திரம் அம்மிணி ஏதோ மாற்றி எழுதினாராம். அதனால் சரியாகிவிட்டது என்று எல்லாருக்கும் சந்தோஷம். தனபால் சார் எல்லாருக்கும் தேங்காய் பன் வாங்கித் தந்தார்.

ஜூலை 17, வியாழன்

ராமாத்தாள் நன்றாகிவிட்டாள். ரசம் சோறு. 1.45க்கு நின்றது.

மிச்சம் இருந்த ஒரு பன்னை நான் எடுத்து வைத்தேன்.

ஜூலை 18, வெள்ளி

அம்மிணி ஒரு படம் வரைந்து காட்டினார். பெட்டி நின்றால் சூட்டுக் கணக்கும் அழிந்துவிடும்; இது நிற்காத நாட்களில் மிஞ்சியது. ஒரு மணி வாக்கில் சில நாள் பெட்டிக்குள் சூடு சட்டென்று குறைந்து பிறகு ஏறுகிறது.

"கீழ லேத்காரங்க ஒரு மணிக்கு மிஷினை நிறுத்தறாங்க, போடறாங்க. கரண்டு ஏறி எறங்குது. அதான்" என்றார் விஷ்ணு தம்பி.

"அப்ப அலாரம் அடிச்சிருக்கணுமே?" என்றார் அம்மிணி.

"அது கீகீன்னு கத்துதுன்னு ஸ்பீக்கர் ஒயரை நாந்தான் போன மாசமே கழட்டி வெச்சிருக்கேன்."

கீழே போய் லேத்காரர்களிடம் சண்டை போட்டுவிட்டு வந்தார். நான் டீ ஊற்றினேன். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 19, சனி

தயிர்ச் சோறு. தயிர்ச் சோற்றை நான் சூடு பண்ணுவதில்லை. நிற்கவில்லை.

ஜூலை 21, திங்கள்

மேலே எழுதியதை ராமாத்தாளுக்குப் படித்துக் காட்டினேன். "தயிர்ச் சோத்தை யாரு சூடு பண்ணுவாங்க? சரி, மத்த சோத்தை எங்க சூடு பண்றீங்கோ?" என்றாள். எழுதியதை எல்லாருக்கும் படித்துக் காட்டக் கூடாது.

ஜூலை 22, செவ்வாய்

தக்காளிச் சோறு. 3.05க்கு நின்றது. எண்ணை வரைந்தேன். இப்போதெல்லாம் என் வரைச்சல் நேராக வருகிறது.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. மதியம் விரதம். பெட்டியும் நிற்கவில்லை.

ஜூலை 25, வெள்ளி

தனபால் சார் அம்மிணியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அறை என்றால் பாதிக்கு மேல் பலகை இல்லை. எல்லாம் கேட்கும்.

"இன்னும் பத்து நாள். புடிக்க முடியலைன்னா சொல்லிரும்மா. உன் புரோகிராமைத் தூக்கிப் போட்டுட்டு ரெடிமேடு ஒண்ணு வாங்கிக்கறேன். அப்பறம் உனக்கு இங்க என்ன வேலைன்னு எனக்குத் தெரியல."

அம்மிணி வெளியே வந்து திரையைப் பார்த்தபடி உட்கார்ந்தார். ஆறிய டீயைக் குடித்தார். அது நான் காலையில் வைத்தது.

இன்று புளிச்சோறு. 1.55க்கு நின்றது.

ஜூலை 26, சனி

டைரியை முதலிலிருந்து படித்தேன். எழுதும்போது தெரியாத ஒன்று படிக்கும்போது தெரிகிறது. எழுத்தில் இந்தக் குணம் இருக்கும் என்று டீச்சர் சொல்லவில்லை.

இன்று சோற்றை ஆறியபடியே சாப்பிட்டேன்.

ஜூலை 28, திங்கள்

எலுமிச்சைச் சோறு. ஆறியது. நிற்கவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

பருப்புச் சோறு. ஆறியது. நிற்கவில்லை.

ஜூலை 30, புதன்

ஆறியது. நிற்கவில்லை. பல் வலிக்கிறது. தனபால் சார் விசில் அடிக்கிறார். இப்படியே இருந்தால் எல்லாருக்கும் நல்லதுதானே என்று தோன்றியது. அம்மிணிக்கு வேலை இருக்கும். எனக்கும் இருக்கும். பெட்டி ஓடும். ஆறிய சோறு சாப்பிட்டு யாரும் செத்துப்போனதில்லை.

ஜூலை 31, வியாழன்

நல்ல நாளாகத்தான் தொடங்கியது. பெட்டி நூற்று நாற்பது மணி நேரத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. தனபால் சார் ஒரு தாளைக் கொண்டுவந்து அம்மிணி முன்னால் வைத்தார்.

"கோளாறு சரி செய்யப்பட்டதுன்னு கையெழுத்து போட்டுக் குடும்மா. ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

"நான் ஒண்ணும் சரி பண்ணலையே சார்."

"ஓடுதுல்ல?"

"ஓடுது. ஏன் நின்னுச்சுன்னு தெரியல. இப்ப ஏன் நிக்கலைன்னும் தெரியல. தெரியாம எப்படி சார் உள்ள ஒரு குழந்தையை வைக்கறது?"

"நீ வைக்க வேண்டாம். டாக்டர் வைப்பாங்க."

"நான் கையெழுத்து போட மாட்டேன் சார்."

தனபால் சார் கோபத்தில் கத்துகிறவர் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார். "சனிக்கிழமை வரைக்கும் யோசி. போடலைன்னா திங்கக்கிழமையில இருந்து வர வேண்டாம். நான் வேற ஆள் கிட்ட வாங்கிக்கறேன்."

அம்மிணி தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார். அவ்வளவுதான்.

இப்போது சூசையைப் பற்றி எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் நம்பர் ரூமில் இரண்டு பேர் தங்கியிருந்தார்கள். நூலில் இரண்டு முடிச்சு. ஒருவர் காலி செய்துவிட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார். இன்னொருவர் வெளியே போயிருந்தார். அவருடைய டிரங்குப் பெட்டி உள்ளே இருந்தது. அன்றைக்கு எனக்கு மூத்த மகள் பிறந்திருந்தாள். பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அவசரம். இரண்டு முடிச்சையும் அவிழ்த்தேன். சாவியை ஆணியில் மாட்டினேன். போய்விட்டேன்.

சாவி தொங்குகிறதே என்று சூசை அந்த ரூமை வேறு ஆளுக்குக் கொடுத்தான். அந்த ஆள் விடிவதற்குள் டிரங்குப் பெட்டியோடு போய்விட்டான். உள்ளே மற்றவருடைய சர்டிபிகேட் எல்லாம் இருந்தது. அவர் வேலைக்கு இன்டர்வியூ வந்தவர். சாவியை மாட்டியது யார் என்று மேனேஜர் கேட்டார். நான் பேசவில்லை. சூசை, "தெரியலைங்க" என்றான். ரூமைக் கொடுத்தது அவன் என்பதால் அவனை அனுப்பிவிட்டார்கள். போகும்போது நூல்கண்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

இதை எழுத இரண்டு மணி நேரம் ஆனது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காலையில் அம்மிணி வந்ததும் டைரியை அவர் மேசையில் வைத்தேன். "இதைப் படிங்க அம்மிணி. பூராவும் படிங்க. எழுத்துப் பிழை இருக்கும்" என்றேன். டீ போடப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது ஒரு தாளில் இரண்டு வரிசையாகக் கோடு போட்டிருந்தார். ஒரு வரிசையில் நான் சோறு சூடு பண்ணிய நாட்கள். இன்னொன்றில் பெட்டி நின்ற நாட்கள்.

"அப்புச்சி, பெட்டிக்குள்ளயா வெச்சீங்க?"

"ஆமாங்க."

"தண்ணிப் பையை என்ன பண்ணுவீங்க?"

"பக்கத்துல நகத்திப் படுக்க வெப்பனுங்க. துடைச்சுட்டுத்தான் வெப்பேன்."

அம்மிணி திட்டப் போகிறார் என்று நின்றேன். "சூடு பண்ணாத நாள் ஒண்ணுல கூட நிக்கல" என்று தாளிடம் சொன்னார். பிறகு எல்லாரையும் கூப்பிட்டார்.

முதலில் கத்தியது விஷ்ணு தம்பி. "பெருங்காயம்! நான் சொன்னேன்ல! யாராவது கேட்டீங்களா?"

தனபால் சார் தலையில் கை வைத்தார். "பெரியவரே, அது பச்சைக் குழந்தையை வைக்கற பெட்டிங்க!"

"குழந்தை இன்னும் வரலைங்களே சார்."

அவர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். மெதுவாக முகம் மலர்ந்தது. "இருங்க, இருங்க. அப்ப மிஷின்ல தப்பே இல்ல! புரோகிராமும் சரி, போர்டும் சரி. டிபன் வைக்காம இருந்தா ஓடும். முடிஞ்சது! போடும்மா கையெழுத்து."

"குழந்தையையும் வைக்காம இருந்தா ஓடும் சார்" என்றார் அம்மிணி.

பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினார்.

"பொறந்த குழந்தை ஈரத்தோட, குளிர்ந்துதான் சார் வரும். மூடியைத் திறந்து உள்ள வைப்பாங்க. சூடு குறையும். அலாரம் வரும். அப்பறம் பெட்டி நிக்கும். அப்புச்சி டிபன்தான் இதுவரைக்கும் உள்ள போன முதல் குழந்தை."

தனபால் சார் நாற்காலியில் உட்கார்ந்தார். "இன்னைக்கு என்ன சோறு கொண்டாந்திருக்கீங்க?" என்று என்னிடம் கேட்டார்.

"வெங்காயச் சோறுங்க."

"வைங்க உள்ள."

ஆகஸ்ட் 2, சனி

நேற்றும் இன்றும் சேர்த்து முப்பத்தோரு முறை டிபனை வைத்தோம், எடுத்தோம். ஒவ்வொரு முறையும் குழாய்த் தண்ணீரில் காட்டிக் குளிர வைத்துவிட்டு வைக்க வேண்டும். விஷ்ணு தம்பி ஸ்பீக்கர் ஒயரை மாட்டிவிட்டார். கீகீ என்று காது போய்விட்டது. ஐந்து முறை நின்றது. ஒயர் போட்டால் நிற்காது என்பதால் ஐந்து முறையும் கடைசி வரியை நான்தான் வரைந்தேன். ஒவ்வொரு தாளையும் அம்மிணி என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

வெங்காயச் சோறு இதற்குள் கெட்டுப்போய்விட்டது. கடமைக்காகப் போனது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. எல்லாரும் வேலைக்கு வந்தோம். ராமாத்தாள் நாலு பேருக்கும் சேர்த்துச் சோறு கட்டிக் கொடுத்தாள். நடந்ததைச் சொல்லியிருந்தேன். "அப்பவே கேட்டனே" என்று மட்டும் சொன்னாள்.

பதினொன்றரை மணிக்கு அம்மிணி, "அட" என்றார். சத்தம் போடவில்லை. தெருவில் தெரிந்தவரைப் பார்த்த மாதிரி.

என்னைக் கூப்பிட்டு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். சூட்டை அளக்கிறவன் ஒரு ரூம் எடுக்கிறான். ஒரு முடிச்சு. சூடு குறைந்ததும் அலாரக்காரன் அதே ரூமுக்குள் வருகிறான். அளந்த எண் அங்கேதான் இருக்கிறது. அவனுக்கும் ஒரு முடிச்சு போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அளக்கிறவன் காலி செய்ததும் இருந்த ஒரு முடிச்சும் அவிழ்கிறது. சாவி பலகைக்குப் போகிறது. ரூம் வேறு ஆளுக்குப் போகிறது. அலாரக்காரன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான். புது ஆளின் சாமான் மேல் தன் எண்ணை எழுதுகிறான். அது யாருடைய சாமான் என்பதைப் பொறுத்துப் பெட்டி உடனே நிற்கும், இல்லை இரண்டு மணி நேரம் கழித்து நிற்கும், இல்லை நிற்காமலே போகும்.

"ஒரே ஒரு வரி அப்புச்சி. ஒரு முடிச்சு. அதைப் போட நான் மறந்துட்டேன்."

"என்ன அவசரத்துலங்க?" என்று கேட்டேன்.

அம்மிணி யோசித்துப் பார்த்தார். "அன்னைக்கு ஈரோடு டிரெயினைப் புடிக்கணும்னு இருந்துச்சு. அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல."

தனபால் சாரிடமும் போய், "தப்பு என்னோடதுதான் சார். போர்டும் இல்ல, லேத்தும் இல்ல, டிபனும் இல்ல" என்று சொன்னார். அதை மறைக்க வேண்டும் என்று அம்மிணிக்குத் தோன்றவே இல்லை. நான் பக்கத்தில் டம்ளரோடு நின்றிருந்தேன்.

தனபால் சார், "சரி, அந்த வரியை எழுது" என்றார்.

எழுதினார். நாற்பது முறை டிபன் வைத்தோம். நிற்கவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலை பத்து மணிக்குப் பதினைந்து நாள் ஓட்டம் தொடங்கியது. அம்மிணி சுவரில் ஒரு அட்டவணை ஒட்டினார். தேதி, மணி, உள்ளே வைத்தது என்ன, அலாரம் அடித்ததா, வைத்தவர் கையெழுத்து. வைப்பவர் நான்.

விஷ்ணு தம்பி லேத்காரர்களுக்கு வடை வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தார்.

ஆகஸ்ட் 9, சனி

ஆறு நாள். அட்டவணையில் இதுவரை ரசம், தக்காளி, புளி, பருப்பு, எலுமிச்சை, தயிர். தயிர்ச் சோற்றையும் வைக்கச் சொன்னார் அம்மிணி. பரிசோதனை என்றால் விருப்பம் பார்க்கக் கூடாதாம். சாப்பிட முடியவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றிய பள்ளிக்கூடத்தில் மிட்டாய் வாங்கிக்கொண்டு நேராகப் பெட்டிக்கு வந்தேன். விடுமுறை என்று பெட்டிக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 18, திங்கள்

பதினைந்து நாளும் முடிந்தது. நிற்கவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

டாக்டர் அம்மா வந்தார். கண்ணாடி போட்ட, சிரிக்காத அம்மா. அட்டவணையை மேலிருந்து கீழ் வரை படித்தார்.

"தக்காளி சாதம்னா என்ன? ஏதாவது கோட் வேர்டா?"

தனபால் சார் தண்ணீர் குடிக்கப் போனார். அம்மிணி எல்லாவற்றையும் சொன்னார். தான் மறந்த முடிச்சையும் சேர்த்துச் சொன்னார். டாக்டர் அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். மூடியைத் திறந்து உள்ளே கை வைத்துப் பார்த்தார். அலாரம் அடித்தது. கையை எடுக்காமல் பத்து நிமிடம் நின்றார். பெட்டி நிற்கவில்லை.

"யாரு இந்த மாரப்பன்?"

"நாந்தானுங்க."

"கையெழுத்து நல்லா இருக்கு."

ஆறு மாதம் படித்ததற்கு இது போதும்.

கடைசித் தாளில் அம்மிணி கையெழுத்துப் போட்டார். பார்த்தவர் என்ற இடத்தில் நான் போட்டேன். போடுவதற்கு முன் தாள் முழுவதையும் படித்தேன். பதினொரு நிமிடம் ஆனது. எல்லாரும் காத்திருந்தார்கள்.

ஆகஸ்ட் 20, புதன்

தபாலாபீசில் ஒரு கார்டு வாங்கினேன். சூசை மகன் பொள்ளாச்சியில் சைக்கிள் கடை வைத்திருப்பதாகக் கல்யாண வீட்டில் சொன்னார்கள். அந்த விலாசத்துக்கு எழுதினேன். கார்டில் நிறைய இடம் இருந்தது. எனக்கு வந்தது இவ்வளவுதான்:

சூசை, பன்னிரண்டாம் நம்பர் சாவியை மாட்டியது நான். இரண்டு முடிச்சையும் அவிழ்த்தது நான். அன்றைக்குச் சொல்லவில்லை. மாரப்பன்.

ஆகஸ்ட் 23, சனி

பத்துப் பெட்டிக்கு ஆர்டர் வந்துவிட்டது. அம்மிணிக்குப் புது நாற்காலி. மதியச் சோறு வைக்க இனி பெட்டியைத் தொடக் கூடாது என்று தனபால் சார் எனக்கு ஒரு சின்ன ஹாட் பாக்ஸ் வாங்கித் தந்தார். அதன் மேல் எழுதியிருந்ததைப் படித்தேன். 'நான்கு மணி நேரம் சூடு தாங்கும்.' ராமாத்தாள் சோறு கட்டுவது காலை ஐந்து மணிக்கு. சொல்லவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

பொள்ளாச்சியிலிருந்து பதில் கார்டு வந்தது. சின்னப் பிள்ளை எழுத்து. பேத்தியாக இருக்கும்.

'தாத்தா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். சாவி விஷயம் அன்றைக்கே தெரியும். உனக்குக் குழந்தை பிறந்த நாள். அதனால் சொல்லவில்லை. நீ எப்போது எழுதப் படித்தாய்? எனக்கு இன்னும் வராது.'

மூன்று முறை படித்தேன். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.

மதியம் ரசம் சோறு. கொஞ்சம் ஆறித்தான் போயிருந்தது. சாப்பிட்டேன்.